கம்ப்யூட்டரில் இல்லாத செருப்பு

திருச்சி பெரிய கடைவீதிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தக் கடை தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம், பாவம். தாத்தா காலத்தில் வீட்டுத் திண்ணையை அடைத்துப் போட்ட கடை. செம்பட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலை வாங்கிவந்து பின்கட்டிலேயே தைப்பார்கள். மகன் தலையெடுத்ததும் தையல் நின்று ஆம்பூர் சரக்கு வந்தது. பாகப்பிரிவினையில் கடைக்கு நடுவே சுவர் எழும்பியது. தம்பி பங்கு இன்று மொபைல் கடை.

மிச்சப் பாதியில் மாறாதது மச்சு மட்டும்தான். கீழேயிருந்து "எட்டு, பிரவுன்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓட்டை வழியாகப் பெட்டி விழும். கடைப் பெரியவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் ஒரு கையால் பிடிப்பார். சின்ன வயதில் இதைப் பார்க்கவே தீபாவளிக்கு முன்னால் அடம்பிடித்துப் போவேன்.

டொராண்டோவில் எனக்குச் செருப்பு வாங்குவது பெரும்பாடு. நீளம் சரியாக இருந்தால் விரல் நசுங்கும். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2022 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து பார்த்து, நம் பாதம் அகலம்தான் என்று சொன்ன பிறகுதான் மனசு ஆறியது. கனடாவில் 9 என்றால் இங்கே 8, அதுவும் அகலமாக வேண்டும்.

ஊருக்கு வந்ததும் அந்தக் கடைக்கே போனேன். கல்லாவில் இப்போது பேரன். திரையைப் பார்த்து, "ஸ்டாக் இல்ல சார்" என்றார்.

"இருக்கு தம்பி" என்ற பெரியவர் மேலே பார்த்துக் கத்தினார். பெட்டி விழுந்தது. போட்டுப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சரி, பில் போடுங்கள் என்றால் முடியாதாம். சிஸ்டத்தில் ஏறாத சரக்கை விற்றால் ஆடிட்டர் திட்டுவாராம். செருப்பு என் காலில், பணம் என் கையில், ஆனாலும் அப்படி ஒரு செருப்பே கிடையாது! கனடாவில் மெஷின் "இல்லை" என்று சொன்னால் இல்லைதான், சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள், கோபப்படக்கூட நேரமிருக்காது. இங்கே டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்தார்கள். "கையால எழுதிக் குடுத்துடலாமே" என்றார் பெரியவர். பில் புத்தகத்தை எப்போதோ பழைய பேப்பருக்குப் போட்டாயிற்று. சப்ளையருக்கு போன், சாஃப்ட்வேர் பையனுக்கு போன். அதற்குள் இரண்டாவது டீயும் வந்துவிட்டது.

கடைசியில் பேரனே வழி கண்டுபிடித்தார். அதே விலையில் வேறு என்ன இருக்கிறது என்று தேடி, அதன் பெயரில் பில் போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூட ஷூ, கறுப்பு, அளவு 3. பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாமாம்.