சிபாப் கருவியின் அழுத்தத்தை உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்தே வைக்கும் சிபாப் (CPAP) கருவி வீட்டுக்கு வந்துவிட்டாலே சிகிச்சை முழுமையடைந்துவிட்டது என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் இரவுதோறும் இக்கருவியைப் பயன்படுத்திவரும் எனக்கு அந்த எண்ணத்தில் உடன்பாடு இல்லை. அழுத்தம் அவரவர் மூச்சுப்பாதைக்கு ஏற்றபடி அமையும்வரை நோயாளிக்குக் கிடைப்பது அரைகுறைப் பயனே. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் ‘லான்செட்’ இதழில் இம்முறையை முதன்முதலாக அறிவித்தபோது, சிகிச்சை பெற்ற ஐந்து நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவு வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தது. அந்த வேறுபாடு இன்றும் அப்படியே இருக்கிறது.

சென்னையில் எடுத்த ஸ்லீப் ஸ்டடியில் எனது ஏஎச்ஐ, அதாவது ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றுபோவதும் குறைந்துபோவதுமான நிகழ்வுகளின் சராசரி, 42 என வந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, முப்பதும் அதற்கு மேலும் என்றால் கடுமை என்பது வழக்கமான வகைப்பாடு. எனக்கு வந்தது ஆட்டோ வகைக் கருவி. அதைக் கொண்டுவந்து பொருத்திய டெக்னீஷியன், “ஆட்டோ மெஷின் சார், எவ்வளவு பிரஷர் வேணும்னு அதுவே பார்த்துக்கும்” என்று கூறி, குறைந்த அழுத்தம் 4, அதிக அழுத்தம் 20 (இவையும் இனி வரும் அழுத்த எண்களும் சென்டிமீட்டர் நீர் அளவில்) என்ற நிலையிலேயே விட்டுச் சென்றார். பெரும்பாலான ஆட்டோ கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும் நிலை இதுதான்.

இந்த 4–20 வரம்பில்தான் சிக்கல் இருக்கிறது. ஆட்டோ கருவி மூச்சின் ஓட்டத்தைக் கவனித்து, அது தடைபடத் தொடங்கியதும் அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறது. தடை நீங்கியதும் மெல்லக் குறைக்கிறது. 11 தேவைப்படும் ஒருவருக்கு அது 4இலிருந்து ஏறிவர வேண்டும் என்றால், அதற்குள் சில மூச்சடைப்புகள் நிகழ்ந்து முடிந்திருக்கும். கனவுநிலை உறக்கத்திலும், மல்லாந்து படுக்கும் நேரத்திலும் மூச்சுப்பாதை வேகமாக அடைபடுவதால், கருவி அப்போதெல்லாம் பின்தங்கியே ஓடுகிறது. மேலும், வளர்ந்தவர்களில் பலருக்கு 4 என்ற அழுத்தத்தில் போதிய காற்று வராதது போன்ற தவிப்பு ஏற்படும். கருவி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அதை அலமாரியில் வைத்துவிடுவோரில் கணிசமானோர் இந்தத் தவிப்பினால்தான் கைவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. எனக்கு முதல் சில மாதங்களில் ஏஎச்ஐ 9 அளவில் நின்றது. 42இலிருந்து 9 என்பது பெரிய இறக்கம்தான். ஆனாலும் காலையில் தலைபாரம் நீங்கவில்லை, பிற்பகலில் கண் சொருகுவதும் குறையவில்லை.

கருவியின் நினைவு அட்டையில் பதிவாகும் தரவை எடுத்துக்கொண்டு எனது நுரையீரல் மருத்துவரிடம் சென்றபோது, அவர் அழுத்தத்தைத் தொடவில்லை. “மொதல்ல லீக்கைச் சரிபண்ணுங்க, அப்புறம் பிரஷரைப் பார்க்கலாம்” என்றார். இந்தத் துறையில் நான் கேட்ட மிகப் பயனுள்ள அறிவுரை இதுவே. மாஸ்க்கில் நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்கென்றே துளைகள் உண்டு. அது கணக்கில் சேராது. விளிம்பு வழியாகவும் திறந்த வாய் வழியாகவும் போகும் காற்றுதான் லீக். என் கருவி நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதைப் பெரிய லீக் எனக் குறிக்கிறது. லீக் அதிகமானால் கருவியால் மூச்சைச் சரியாகக் கணிக்க முடியாது. அந்த நிலையில் அழுத்தத்தைக் கூட்டினால் லீக்கும் கூடும். சென்னையின் புழுக்கத்தில் முகத்தில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து சிலிகான் விளிம்பை நழுவச் செய்கின்றன. படுக்குமுன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், மாஸ்க்கின் விளிம்பை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் அலசுவதும், ஓர் அளவு சிறிய மாஸ்க்குக்கு மாறியதும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

அதன் பிறகே அழுத்தத்துக்கு வந்தோம். இரவின் 95 விழுக்காடு நேரம் கருவி எந்த அளவுக்குள் இயங்கியது என்று அறிக்கை காட்டும். எனக்கு அது 11.4. மருத்துவர் குறைந்த அழுத்தத்தை 8 என்றும் அதிக அழுத்தத்தை 14 என்றும் மாற்றினார். ஏஎச்ஐ 4க்கு இறங்கியது. மூச்சை விடும்போது எதிர்க்காற்று சிரமமாக இருந்ததால், வெளிமூச்சின்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதியை 2 என்ற அளவில் இயக்கினோம். சிரமம் நீங்கியது, ஆனால் அடைப்புகள் சற்றே திரும்பின; வெளிமூச்சின்போது அழுத்தம் இறங்குவதால் தொண்டைக்குக் கிடைக்கும் தாங்கலும் குறைகிறது. இதை ஈடுசெய்யக் குறைந்த அழுத்தம் 9 ஆக்கப்பட்டது.

ஒரு கட்டத்தில் குறைந்த அழுத்தத்தை 11 வரை உயர்த்தியும் பார்த்தோம். காற்று வயிற்றுக்குள் இறங்கிக் காலையில் வயிறு உப்பிக்கொண்டது. மூச்சுப்பாதை திறந்தே இருக்கும்போது நிகழும் மூச்சு நிறுத்தங்கள் அறிக்கையில் கூடின. இவ்வகை நிறுத்தங்களில் மூளையிலிருந்து மூச்செடுக்கும் தூண்டல் வருவதில்லை; அழுத்தத்தை ஏற்றுவது இவற்றைத் தீர்ப்பதில்லை, சிலருக்குப் பெருக்கவும் செய்யும். ஆகவே 9க்கே திரும்பினோம். இப்போது எனது ஏஎச்ஐ பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது, பிற்பகல் உறக்கம் அறவே நின்றுவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் பொறுத்திருந்து பார்த்தோம். ஒரே இரவின் எண்ணை வைத்து முடிவெடுப்பதில் பொருளில்லை. படுத்த நிலை, மது, மூக்கடைப்பு என எதுவும் அதை மாற்றிவிடும்.

கருவியிலிருந்து வரும் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதக் கலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி அறையில் காற்று உலர்வதால் அது தேவைதான். ஆனால் குளிர்ந்த குழாயில் ஈரம் நீர்த்துளிகளாகப் படிந்து மாஸ்க்குக்குள் வரும். சூடேற்றும் குழாய் அதைத் தடுக்கிறது. போர்த் தண்ணீர் உப்புப் படிய வைக்கும் என்பதால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லாதபோது, ஈரப்பதக் கலத்தையும் குழாய்ச் சூட்டையும் நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரில் கருவியை ஓட்டினேன். மின்சாரத்தை மிகுதியாக இழுப்பவை அவ்விரண்டும்தான்.

இதய செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மூளைத் தூண்டல் சார்ந்த மூச்சு நிறுத்தம் ஆகியவை உள்ளவர்கள் வீட்டில் ஆட்டோ கருவியைக் கொண்டு அழுத்தத்தைக் கண்டறிய முயலக் கூடாது. அவர்களுக்கு ஆய்வகத்தில் இரவு முழுவதும் கண்காணித்தே அழுத்தத்தை நிர்ணயிக்க வேண்டும். 15க்கு மேல் தேவைப்பட்டும் அடைப்பு தொடர்ந்தால், உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் தனித்தனி அழுத்தம் தரும் பைபாப் கருவி பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மற்றவர்கள் உடல் எடை கணிசமாக மாறினாலோ, மூக்கு மாஸ்க்கிலிருந்து வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறினாலோ, பழைய அழுத்தம் இன்னும் சரியாக இருக்கிறதா என மறுபடி அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும்.