இடது கைக்கு ஓர் இறுக்க உறை: எட்டு மாத அனுபவம்

மார்பகப் புற்றுநோய் அறுவையில் என் இடது அக்குளிலிருந்து 14 நிணநீர்க்கணுக்களை எடுத்தார்கள். தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டுமே, அதே வகைக் கணுக்கள்தான். ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் கைக்கடிகாரப் பட்டை வழக்கமான துளைக்கு எட்டவில்லை. கணுக்கள் போனதால் திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் சரியாகப் போக வழியில்லாமல் கையில் தேங்குகிறது, இது நிணநீர் வீக்கம் என்று சொல்லி, அழுத்த உறை போடச் சொன்னார் மருத்துவர்.

முதலில் வாங்கியது ரெடிமேட். தையலே இல்லாமல் மெல்லிசாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் போட்ட அரை மணி நேரத்தில் மேல் விளிம்பு சுருண்டு, புஜத்தில் கயிறு கட்டினதுபோல் ஆகிவிடும். நீர் மேலே ஏறத்தானே உறை? இது வழியை அடைத்தது. சாயங்காலம் புறங்கை உப்பி, அழுத்தினால் குழி விழுந்தது. கையுறையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கலாம் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாவது, அளவெடுத்துச் செய்தது. மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஏழு இடத்தில் சுற்றளவு எடுத்தார்கள். தட்டையாகப் பின்னி, ஓரத்தில் தைத்த தடித்த துணி. சுருளவே இல்லை. இரண்டாம் வகுப்பு அழுத்தம், அதாவது ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். மணிக்கட்டில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. குறை என்றால் முழங்கை மடிப்பில் உரசுகிறது, நிறம் பழைய கட்டுத்துணி மாதிரி. காலையில் வீக்கம் ஏறும் முன்னே போட்டுவிட வேண்டும். முதல் வாரம் பத்து நிமிட மல்யுத்தம். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நீவிவிட்டால் இப்போது இரண்டே நிமிடம்.

ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனி பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானே சுருங்கும், தசையும் மூச்சும் தள்ளும், தள்ளியது திரும்பாமல் வால்வுகள் தடுக்கும். தசை அசையும்போது உறை எதிரே சுவர்போல் நிற்கிறது, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்கவில்லை. உறையோடு கையை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்த பிறகுதான் இரண்டு முன்கைகளுக்கும் இருந்த 3 செ.மீ. வித்தியாசம் ஒன்றரையாகக் குறைந்தது. முழுக்கப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆறு மாதத்தில் துணியின் இழுவை தளர்ந்துவிட்டது; அதுதான் இதன் ஆயுளாம். நான் இரண்டு மாதம் கூடுதலாக ஓட்டியதில் மணிக்கட்டு மறுபடி லேசாக உப்பியிருக்கிறது. அடுத்ததற்கு அளவு கொடுத்தாயிற்று. இந்த முறை கருநீலம்.