பாண்டி பஜார் நடைபாதையும் பார்க்கிங்கும்: ஒரு சின்னக் கடைக்காரனின் மதிப்பீடு

தாம்பரத்தைத் தாண்டி ஒரு சின்னத் தெருவில் எனக்கு ஸ்டேஷனரி கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ். எதிரே பள்ளிக்கூடம். போன ஜூனில் கடை வாசலுக்கு நேராக ஜீப்ரா கிராசிங் போட்டு, பக்கத்தில் ‘நோ பார்க்கிங்’ பலகையும் நட்டார்கள். தெருவில் உள்ள வியாபாரிகள் எல்லோரும் கொதித்துவிட்டோம். வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடுமே! முன்னால் நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

அந்தச் சூட்டோடுதான் மைத்துனி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகர் போனோம். பாண்டி பஜாரை 2019 நவம்பரில் புதுப்பித்துத் திறந்த பிறகு நான் அங்கே நிதானமாக நடந்தது இதுதான் முதல் தடவை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தீபாவளிக் கூட்டத்தில் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மச்சான் காரைத் தணிகாசலம் சாலை முனையில் உள்ள பல அடுக்கு பார்க்கிங்கில் விட்டார். 222 கார், 513 டூவீலர் நிற்கிற கட்டடம். அங்கிருந்து புடவைக் கடைக்குப் பத்து நிமிட நடை. “கடை வாசல்லயே எறங்கியிருக்கலாம்” என்று மனைவி முணுமுணுத்தாள். அவளுக்கு முழங்கால் வலி. ஆனால் வழியில் உட்கார இடம் இருந்தது. இரண்டு தடவை உட்கார்ந்தாள், எழுந்தாள், வந்துவிட்டாள். முன்பெல்லாம் இதே தெருவில் பைக்குகளுக்கு நடுவே உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் போக வேண்டும். இப்போது நாலு பேர் வரிசையாகப் பேசிக்கொண்டே போகலாம்.

வியாபாரியாக ஒன்றைக் கவனித்தேன். புடவைக்கு மட்டும் வந்த நாங்கள் ஒரு பிளாஸ்க், இரண்டு டஜன் வளையல், மச்சானுக்கு ஒரு பெல்ட் என்று வாங்கிவிட்டோம். எல்லாம் நடக்கும்போது கண்ணில் பட்டவை. வண்டியை வாசலில் நிறுத்தி இறங்கியிருந்தால் புடவைக் கடைக்காரர் ஒருவரோடு வியாபாரம் முடிந்திருக்கும்.

பெண்கள் பார்டர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு டீ வாங்கிக்கொண்டு கிராசிங் அருகே நின்றேன். ஓரத்தில் வண்டி எதுவும் நிற்காதவரை நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது. ஓட்டுபவர் தானாக வேகம் குறைக்கிறார். எல்லோரும் இல்லை, பாதிப் பேர். அப்போது ஓர் ஆட்டோ சவாரி ஏற்றுவதற்காகக் கோட்டின் மேலேயே நின்றது. அதன் பின்னாலிருந்து குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தபடி இறங்கினார். வந்த பைக்காரர் கிறீச்சென்று பிரேக் போட்டார். எதுவும் ஆகவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு விநாடியில் எட்டு மீட்டர் போகிறது என்று கையில் டீயோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளுக்கும் மினி வேனுக்கும் பின்னாலிருந்து ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் இறங்கினால் அவன் தலைகூடத் தெரியாது.

சரி, அதற்காக எங்கள் தெருவுக்கும் பல அடுக்கு பார்க்கிங் கட்டு என்றால் அது வேலைக்காகாது. பாண்டி பஜாருக்கு வருகிறவர் இரண்டு மணி நேரம் சுற்றுவார். காரை எங்கேயோ விட்டுவிட்டு நடப்பது அவருக்குக் கட்டுபடியாகும். பத்து ரூபாய் பேனாவுக்கு வருகிறவர் மூன்று நிமிடம் நிற்பார். அவருக்கு வேண்டியது கிராசிங்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, சீக்கிரம் காலியாகிற ஓர் இடம். எங்கள் தெருவில் அந்த இடம் இருக்கிறது. அதில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்பவை யாருடைய வண்டிகள்? என்னுடையது, மருந்துக் கடைக்காரருடையது, தையல் கடைப் பையனுடையது. வாடிக்கையாளருக்காகச் சண்டை போட்ட நாங்கள்தான் அவர்களுடைய இடத்தை அடைத்து வைத்திருக்கிறோம். இது தி.நகர் போய்த்தானா எனக்குத் தெரிய வேண்டும்!

மதிப்பெண் கேட்டால் நடைபாதைக்கு ஐந்துக்கு நாலரை. பார்க்கிங்குக்கு நாலு, நடக்க முடியாதவர்களை முதலில் கடை அருகே இறக்கிவிட்டு, அப்புறம் காரை அங்கே கொண்டுபோவது உத்தமம். கிராசிங்குக்கு மூன்று. குறைத்தது கோட்டுக்காக இல்லை, அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களுக்காக. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் வார நாளில், பதினோரு மணிக்குள் போய்விடுங்கள்.

என் வண்டியை இப்போது பிள்ளையார் கோயில் பின்பக்கம் விடுகிறேன். மருந்துக் கடைக்காரரும் வந்துவிட்டார். தையல் கடைப் பையனிடம் நேற்றுக் கேட்டேன். “ரெண்டே நிமிஷம்ணே, எடுத்துடறேன்” என்றான். இதை எழுதும்போதும் அவன் பைக் அதே இடத்தில்தான் நிற்கிறது.