மேல்சபைக்குப் போக எந்த வழி: நிரந்தரமா, சிறப்பா?

தென்னாப்பிரிக்க மேல்சபையான மாகாணங்களின் தேசிய கவுன்சிலில் மொத்தம் 90 இடம், மாகாணத்துக்கு 10. அதில் 6 பேர் நிரந்தரப் பிரதிநிதிகள், 4 பேர் சிறப்புப் பிரதிநிதிகள். குவாசுலு-நடால் மாகாணத்து டர்பனில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் அரசியலில் இறங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு எது தோது?

நிரந்தரம் என்றால் வேலை நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனில், குழுக் கூட்டங்களின் பாரம் பெரும்பாலும் உங்கள் தலையில், ஏற்கெனவே மாகாண சட்டமன்றத்தில் இருந்தால் அந்தப் பதவியும் போய்விடும். பெயர்தான் நிரந்தரம், அடுத்த மாகாணத் தேர்தல் முடிந்து புது சபை கூடுவதற்கு முன் காலாவதி!

சிறப்புப் பிரதிநிதி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள மாகாண சட்டமன்ற இருக்கையை விடாமலே, விவாதத்துக்கு வரும் விஷயத்தைப் பொறுத்து போய் வருவார். மாகாண அரசின் தலைவரான பிரீமியரும் இந்த நால்வர் கணக்கில்தான்.

சரி, ஓட்டு? மாகாணங்களைத் தொடும் மசோதா என்றால் 10 பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு, அதுவும் மாகாண சட்டமன்றம் சொன்னபடி, 9 மாகாணத்தில் 5 ஆதரித்தால் நிறைவேறும். மற்ற மசோதாக்களுக்குத்தான் ஆளுக்கொரு ஓட்டு.

மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதில் ருசி இருந்தால் கேப் டவுனுக்குப் போங்கள். மாகாண அமைச்சர் கனவு இருந்தால் வேண்டாம், பிரீமியர் தன் அமைச்சர்களை மாகாண சட்டமன்ற உறுப்பினர்களிலிருந்துதான் எடுக்க முடியும்.