முழு ஹூக்கப்பா, ஏரிக்கரையா: ஆர்.வி. நிறுத்த எது தோது?

ஆர்.வி. என்றால் சக்கரம் வைத்த வீடு; எங்களுடையது பிக்கப் இழுக்கும் டிரெய்லர். அதை வாங்கிய முதல் வருடம் முழுக்கத் தனியார் ஆர்.வி. பார்க்குகளில்தான் தங்கினோம். தண்ணீர், கரண்ட், கழிவுநீர்க் குழாய் மூன்றும் நின்ற இடத்திலேயே கிடைக்கும் (இதைத்தான் முழு ஹூக்கப் என்கிறார்கள்), புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் வசதி என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் வருடம் பாதியில் மனசு மாறிவிட்டது. இப்போது நாங்கள் முதலில் தேடுவது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இனி சுருக்கமாகக் கோர்) நடத்தும் ஏரிக்கரை முகாம்களைத்தான். அமெரிக்காவில் ஆர்.வி. ஓட்டும் நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. 43 மாநிலங்களில் 400-க்கும் மேற்பட்ட ஏரிகள், ஆற்றுத் திட்டங்கள் இந்த அமைப்பின் கையில் இருக்கின்றன. பல இடங்களில் அணைக்குப் பக்கத்திலேயே முகாமும் உண்டு.

ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன் எழுதுவது இது. அந்தக் கணக்கோடு படியுங்கள்.

எங்கள் வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரின் பெயரில் 28 என்று எண் இருக்கும். இழுவைக் கொக்கி முதல் பின் பம்பர் வரை நாடா வைத்து அளந்தால் 32 அடி. இழுக்கும் பிக்கப்பையும் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டும். பெயரில் இருக்கும் எண் பெரும்பாலும் உள்ளறையின் நீளத்தை ஒட்டி வைப்பது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதில் வராது. புக் செய்யும்போது பெயரை நம்பினால் அந்த நாலு அடி ரோட்டில் நிற்கும். ஒரு முறை நின்றது.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். நீச்சல் குளம், துணி துவைக்கும் மெஷின், வைஃபை, ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருக்கிற ஆபீஸ், இதெல்லாம் தனியாரிடம்தான். வாடகையில் கோர் பக்கம் மலிவு: தண்ணீரும் கரண்டும் உள்ள இடத்துக்கு நாங்கள் ஒரு இரவுக்கு முப்பது டாலர் அளவில் கொடுத்திருக்கிறோம், தனியாரில் அறுபதிலிருந்து தொண்ணூறு வரை போயிருக்கிறது. 62 வயதானவர்களுக்குத் தேசியப் பூங்கா சீனியர் பாஸ் இருந்தால் கோர் முகாம்களில் வாடகை பாதிதான். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாருக்கு எழுபது வயது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். அந்தப் பாஸ் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தானாம். விசிட்டர் விசாவில் வந்தவருக்குக் கிடையாது.

இனி எங்களை மாற்றிய விஷயம். அது குளமும் இல்லை, காசும் இல்லை. வண்டியை உள்ளே விடுகிற கடைசி அறுபது அடிதான்.

நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பார்க் ஒன்று. பெயர் வேண்டாம். மழைத் தூறல், இருட்டப் போகிற நேரம். எங்களுக்குக் கொடுத்த இடம் பேக்-இன், அதாவது ரிவர்ஸில்தான் உள்ளே நுழைய வேண்டும். ரோட்டுக்குச் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் வெட்டியிருந்தார்கள். ரோடோ ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்க முடியாத அகலம். எதிர்வரிசைக்காரர் தன் பிக்கப்பின் மூக்கை ரோட்டில் நீட்டி நிறுத்தியிருந்தார். நுழைவின் மூலையில் ஒரு விளக்குக் கம்பம்.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு இதுவே போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். எடுக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப, இழுக்கும் வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் அகலமாகச் சுற்றி வர வேண்டும். டிரெய்லருக்கு இடம் இருந்தால் போதாது, மூக்கு சுற்றுவதற்கும் ரோட்டில் இடம் வேண்டும். 90 டிகிரி என்றால் நிறைய வேண்டும். இடத்தையே நாற்பத்தைந்து, அறுபது டிகிரி சாய்த்து வெட்டியிருந்தால் அவ்வளவு வேண்டாம். ஒரே அளவு நிலம், ஒரே அளவு சரளைக்கல், கோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தால் முடிந்தது.

மனைவி பின்னால் குடையோடு நின்று போனில் வழி சொன்னாள். "ரைட்ல வாங்க, ரைட்ல!" "என் ரைட்டா, உன் ரைட்டா?" "சோத்துக்கைப் பக்கம்!" "யாரு சோத்துக்கை?" இப்படியே நாற்பது நிமிஷம். ஜன்னல் திரைகளுக்குப் பின்னால் பார்க் முழுக்க வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு பெரியவர் மழைக்கோட்டோடு வந்து எதிர்வரிசைக்காரரை எழுப்பி, பிக்கப்பை நகர்த்த வைத்தார். அன்றிலிருந்து எங்களிடம் ரைட்டும் இல்லை லெஃப்ட்டும் இல்லை. 'கதவுப் பக்கம்', 'பிளக் பக்கம்', அவ்வளவுதான். வண்டியைக் கழுவச் சொன்னாலும் இப்போது அப்படித்தான் பேசுகிறோம்.

இந்தக் கதவும் பிளக்கும்தான் அடுத்த வம்பு. அமெரிக்க டிரெய்லர்களில் வாசற்கதவும் வெயில் மறைப்பும் வலப்பக்கம். கரண்ட் ஒயர், கழிவுநீர் வால்வு எல்லாம் பெரும்பாலும் இடப்பக்கம், பின்பாதியில். அதனால்தான் மின்சார விதித்தொகுப்பே கரண்ட் பெட்டி நிறுத்திய வண்டிக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. பழைய பார்க்குகள் சிலவற்றில் பெட்டி எங்கோ முன்னால் நிற்கும், நம் முப்பதடி ஒயர் எட்டாது. அதைவிட மோசம், விதிப்படி எல்லாம் சரியாக வைத்துவிட்டு இடைவெளியைக் கோட்டைவிடுவது. எல்லா வண்டியும் ஒரே திசையில் வரிசையாக நின்றால் என் வாசல் பக்கம் அடுத்தவரின் பிளக் பக்கம். நான் நாற்காலி போட்டுக் காபியோடு உட்காருகிற இடத்துக்கு எதிரே அவர் கழிவுக்குழாய். அவர் ஸ்லைடை, அதாவது அறையை அகலமாக்க நீளும் சுவர்ப்பகுதியை, வெளியே தள்ளினால் என் மேசைக்கு மேல் நிழல். அவர் வால்வைத் திறக்கும் நேரத்தில் நாம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். இரண்டு இரண்டு வண்டிகளாக வாசலோடு வாசல் பார்க்கும்படி எதிரெதிர் திசையில் நிறுத்த வைக்கிற பார்க் ஒன்றையும் பார்த்தேன். யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

'அதற்குத்தான் புல்-த்ரூ இருக்கிறதே, நேராக உள்ளே போய் நேராக வெளியே வரலாமே' என்பீர்கள். உண்மை. வழியில் ஒரே ஒரு இரவு தங்க, டிரெய்லரைக் கழற்றாமலே தூங்கி எழுந்து போக, அதுபோல வராது. அதற்கு இன்றைக்கும் தனியார் பார்க்தான் போகிறோம். ஆனால் புல்-த்ரூவுக்கு இரண்டு பக்கமும் ரோடு வேண்டும். ரோடு தின்ற நிலத்தை இடத்தின் அகலத்தைக் குறைத்து ஈடுகட்டுகிறார்கள். உள்ளே போவது சுலபம், உள்ளே இருப்பது தீப்பெட்டிக்குள் குச்சி இருப்பது மாதிரி. மூன்று நாள் தங்கினால் தெரியும்.

கோர் முகாமுக்கு முதலில் போனது ஜார்ஜியாவில் அலட்டூனா ஏரிக்கரையில். ஒருவழி வளைய ரோடு. எங்கள் இடம் வளையத்தின் இடப்பக்கம், அதாவது இங்கே ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம். தாண்டிப் போய் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தால் டிரெய்லரின் பின் மூலையும் இடத்தின் ஓரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. இடம் பின்னோக்கிச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முறை முன்னே பின்னே, வேலை முடிந்தது. மனைவி போனை எடுக்கக்கூட இல்லை. அடுத்த வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே மரங்கள். மேசை வாசல் பக்கம், பெட்டி பிளக் பக்கம்.

ஏன் இப்படி என்று யோசித்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அணைக்காக எடுத்த அரசு நிலம், கரை நெடுகக் கிடக்கிறது. ஓர் ஏக்கரில் எத்தனை வண்டியைத் திணித்தால் கட்டுப்படியாகும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை.

அரசு இடம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தேசியப் பூங்காக்களின் பழைய முகாம்கள் வேறு கதை. 1930-களில் மைனெக்கே என்ற தாவர நோய் நிபுணர், கார் டயர்கள் மண்ணை அழுத்தி மரங்களின் வேர்களைச் சாகடிக்கின்றன என்று கண்டு, ஒருவழி ரோடு, அதிலிருந்து குட்டையான கிளைப்பாதைகள், கார் தாண்டாமல் இருக்கப் பாறைகளும் கட்டைகளும் என்று ஒரு முறையை வகுத்தார். வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய சி.சி.சி. படை 1933 முதல் 1942 வரை நாடு முழுக்க முகாம்களைக் கட்டியது. மரங்கள் பிழைத்தன, நல்லதுதான். ஆனால் அந்த அளவு அன்றைய காருக்கும் கூடாரத்துக்கும் எடுத்தது. கார் மூக்கை நுழைத்து நிற்கத் தோதாக முன்னோக்கிச் சாய்ந்த கிளைப்பாதையில் 32 அடி டிரெய்லரைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், மூலைப் பாறை ஏன் அங்கே இருக்கிறது என்று பம்பருக்குப் புரியும். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லர் உச்சவரம்பு 24 அடிதான். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே நான்தான் அளவுக்கு மீறிப் பெரிசு.

தனியாருக்குச் சாதகமான பெரிய வாதம் கழிவுநீர்க் குழாய். கோர் முகாம்கள் பலவற்றில் தண்ணீரும் கரண்டும் மட்டும்தான் இடத்தில் இருக்கும். கழிவைக் கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் கொட்ட வேண்டும். ஞாயிறு பதினொரு மணிக்கு அங்கே ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். எங்களுக்கு மூன்றாம் நாளே குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் நிரம்பிவிடுகிறது. குளியலைவிடப் பாத்திரம்தான் காரணம். ஒரு வேளை சாம்பார், பொரியல் செய்தால் எத்தனை பாத்திரம் விழும் என்பது டேங்க் வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீண்ட நாள் தங்குகிறவர்கள், ஆர்.வி.யிலேயே குடியிருப்பவர்கள் தனியாரிடம் போவதுதான் சரி.

ஆனாலும் குழாய் இருப்பது வேறு, ஓடுவது வேறு. ஒரு தனியார் பார்க்கில் கழிவுக்குழாயின் வாயைத் தரைக்கு மேலே சிமென்ட் வளையம் கட்டி உயர்த்தியிருந்தார்கள். எங்கள் வண்டியின் வெளிக்குழாய் அதைவிடத் தாழ்வு. தண்ணீர் மேடேறுமா? ஹோஸைத் துண்டு துண்டாகத் தூக்கிப் பிடித்து, பாம்பாட்டி மாதிரி நின்று வடித்தேன். கரண்டும் அப்படியே. ஐம்பது ஆம்ப் இடம் என்பார்கள். ஜூலை மதியம் எல்லாரும் ஏசி போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். எங்கள் பாதுகாப்புப் பெட்டி 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே துண்டித்துவிடும். அன்று மதியம் மூன்று தடவை துண்டித்தது. கோர் முகாம்களில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. ஆனால் நான் அங்கே கோடையின் உச்சத்தில் தங்கியது குறைவு, இதை ரொம்ப அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சமதளம் விஷயத்தில் கோர் பக்கமும் குறை உண்டு. ஏரிக்கரை மேடு பள்ளம். வண்டி நிற்கும் தளம் மட்டமாக இருந்தாலும் மேசை ஆறு படி கீழே இருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி. காபியை நான்தான் மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. வெள்ளத்தைத் தேக்கவும் கட்டிய ஏரிகள் என்பதால் வசந்தகால மழையில் தண்ணீர் ஏறித் தாழ்வான இடங்களை மூடிவிடும். குளிர்காலத்தில் பல முகாம்கள் பூட்டிக் கிடக்கும். 2025-இல் ஆள் பற்றாக்குறையால் சிலவற்றைத் திறக்காமலே விட்டார்கள். போகுமுன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்குத் தராசு சாய்ந்த இடம் இன்னொன்றும் உண்டு, அதுவும் அந்தக் கடைசி அறுபது அடியோடு சேர்ந்ததே. கோர் முகாமை ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் புக் செய்யும்போது இன்ன எண் இடம் என்று நாமே எடுக்கிறோம். நீளம், பேக்-இன்னா புல்-த்ரூவா, பல இடங்களுக்குப் போட்டோவும் இருக்கும். தனியார் பார்க்குகள் பலவற்றில் 'பேக்-இன், ஐம்பது ஆம்ப்' என்று ஒரு ரகத்தைத்தான் புக் செய்ய முடியும். எந்த இடம் என்பது போய்ச் சேர்ந்த பிறகு. குறிப்பிட்ட எண் வேண்டுமானால் தனியாகக் கட்டணம். விளக்குக் கம்பம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காசு கொடுக்க வேண்டும் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பிக்கப்பின் பின்தொட்டியில் மாட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லரையோ, தானே ஓடும் நாற்பதடி மோட்டார் ஹோமையோ நான் ஓட்டியதில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். டென்வருக்கு மேற்கே எங்கள் அனுபவம் ஒரே ஒரு பயணம். இருபத்திரண்டு அடிக்குள் சின்ன வேன் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொன்னதில் பாதி தேவையே இல்லை, அவர்கள் அந்த 1930-களின் இடங்களிலேயே ராஜா மாதிரி நிற்கலாம்.

மே மாதத்துக்கு ஹார்ட்வெல் ஏரியில் ஒரு கோர் இடம் எடுத்துவிட்டேன். ஒருவழி வளையம், இடப்பக்கம், சாய்வான வெட்டு. செயற்கைக்கோள் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்ததில் நுழைவின் மூலையில், பிளக் பக்கம், கருப்பாக ஏதோ ஒன்று தெரிகிறது. மரமா, நிழலா என்று புரியவில்லை. மனைவியிடம் இன்னும் காட்டவில்லை.