க்ரூஸரிலிருந்து அட்வென்ச்சர் பைக்குக்கு மாறலாமா?

தாழ்ந்த சீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து ஓட்டும் க்ரூஸரை விட்டு, மோசமான ரோட்டுக்கும் ஏற்ற உயரமான அட்வென்ச்சர் பைக்குக்கு மாறியவன் நான். மாறியதில் முழுத் திருப்தி. அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தோற்றம், சைலன்ஸர் சத்தம் பற்றியெல்லாம் பேசத் தேவையில்லை. அதை உங்கள் மனசு ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். இன்ஜினையும் ஓரளவு ஒதுக்கி வைக்கலாம். ஹோண்டாவின் ரெபெல் 500, சிபி500எக்ஸ் இரண்டையும் பாருங்கள். முதலாவது க்ரூஸர். இரண்டாவது அட்வென்ச்சர் ரகம், 2024 முதல் என்எக்ஸ்500 என்ற பெயரில் வருகிறது. இரண்டிலும் இருப்பது 471 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின்தான். ஆனால் ரெபெலின் சீட் உயரம் 690 மி.மீ., மற்றதில் 830. ரெபெலில் இரண்டு சக்கரமும் 16 அங்குலம், மற்றதில் முன்னால் 19, பின்னால் 17. டேங்க் அங்கே 11 லிட்டர் சொச்சம், இங்கே 17 சொச்சம். இன்ஜின் ஒன்றாக இருந்தும், ஓட்டுகிறவரின் உடம்புக்கு இவை முற்றிலும் வேறு வேறு வண்டிகள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தச் சீட் உயரம்தான். கால் எட்டுமா என்ற கேள்வியோடு அது முடிந்துவிடுவதில்லை. சீட் தாழ்வாக இருக்க வேண்டுமென்றால், பின் சக்கரம் மேலே எழும்பி வருவதற்கான இடமும் குறைய வேண்டும். க்ரூஸர்களில் பின் சஸ்பென்ஷனின் அசைவு பெரும்பாலும் 100 மி.மீ. அளவில், சிலவற்றில் அதைவிடவும் கம்மி. ராயல் என்ஃபீல்டின் அட்வென்ச்சர் பைக்கான ஹிமாலயன் 411-இல் அது 180 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் உள்வாங்கிக்கொள்ள இடமில்லை என்றால் மிச்சத்தை உள்வாங்குவது நம் முதுகெலும்பு. நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டினால் குலுக்கல் கொஞ்சம் நாகரிகமாகும். ஆனால் இல்லாத இடத்தை அது உண்டாக்கித் தராது.

இதோடு கால் வைக்கும் இடமும் சேர்ந்துகொள்கிறது. ஃபுட்பெக் முன்னால் தள்ளி இருக்கும் க்ரூஸரில் கால் நீட்டி உட்காரும்போது இடுப்பு பின்பக்கம் சாய்கிறது. உடம்பின் எடை அத்தனையும் வால் எலும்பில் இறங்குகிறது. முதல் அரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்த மாதிரி சுகம், அதற்கப்புறம் நெளிய ஆரம்பிப்போம். அட்வென்ச்சர் பைக்கில் ஃபுட்பெக் கிட்டத்தட்ட இடுப்புக்கு நேர் கீழே. வேகத்தடை வருகிறதா, காலை ஊன்றி லேசாக எழுந்தால் போதும், முட்டியே இரண்டாவது சஸ்பென்ஷனாக வேலை செய்யும். கால் நீட்டிய நிலையில் அப்படி எழவே முடியாது. ரெபெல் போலக் கால் நடுவில் வைக்கும் க்ரூஸர்களில் எழலாம்தான். ஆனால் சீட் தாழ்ந்து முட்டி நன்றாக மடங்கி இருப்பதால், ஒவ்வொரு தடவையும் தரையிலிருந்து எழுவது போன்ற உழைப்பு. நெடுந்தூரம் போகிறவருக்கு இந்த ஒரு விஷயமே போதும். எனக்கு முதுகு வலி விட்டது இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

க்ரூஸருக்கு ஆதரவாகச் சொல்ல வலுவான விஷயம் ஒன்று உண்டு. நின்று நின்று போகும் நெரிசலில் இரண்டு பாதத்தையும் முழுசாக ஊன்றி நிற்பது பெரிய நிம்மதி. பின்னால் உட்காருபவர் ஏறி இறங்குவதும் சுலபம். அட்வென்ச்சர் பைக்கில் எடை மேலே இருக்கிறது, டேங்க் நிரம்பி இரண்டு பக்கமும் பெட்டி மாட்டினால் இன்னும் மேலே. ஓடும்போது அது தெரியவே தெரியாது. சரிவான இடத்தில் நிறுத்தித் தள்ளும்போதுதான் தெரியும். உயரம் குறைந்தவர்கள் சீட்டின் நுனிக்கு நகர்ந்து ஒரு காலை மட்டும் முழுதாக ஊன்றப் பழகலாம், பெரும்பாலும் அது போதும். சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்பை மாட்டிக்கொள்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எதற்காக மாறினோமோ அதையே வெட்டிக் கொடுப்பதாகிவிடும்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். அசைவு அதிகமுள்ள சஸ்பென்ஷன் என்பதால் செயின் கொஞ்சம் தளர்வாகவே இருக்க வேண்டும், கையேட்டில் சொன்ன அளவைப் பாருங்கள். பழைய பழக்கத்தில் இறுக்கிவிட்டால் செயினும், அது ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் தேயும், பேரிங்குக்கும் கேடு. இன்னொன்று, ஸ்போக் சக்கரம். அதில் ட்யூப் இருந்தால் பஞ்சர் ஒட்டச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். ட்யூப்லெஸ் என்றால் கழற்றாமலே அடைத்துவிட்டுக் கிளம்பலாம். தனியாக நெடுந்தூரம் போகிறவர் வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்று விஷயத்தில் அட்வென்ச்சர்தான் எப்போதும் மேல் என்று சொல்லிவிட முடியாது. மார்பில் அடிக்கும் காற்று குறைகிறது, ஆனால் முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடியின் விளிம்பில் சுழலும் காற்று சிலருக்கு ஹெல்மெட்டிலேயே வந்து மோதும். அது ஆளின் உயரத்தைப் பொறுத்தது. கரடுமுரடான மண் பாதைகளில் நான் ஓட்டியது கொஞ்சம்தான். சில அட்வென்ச்சர் பைக்குகளில் வரும் 21 அங்குல முன் சக்கரம் கல்லிலும் பள்ளத்திலும் சுலபமாக ஏறி இறங்கும், தார் ரோட்டு வளைவில் சற்று மெதுவாகத் திரும்பும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். தார் ரோடே பிரதானம் என்றால் 19 அங்குலம் போதும். செயினுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பெரிய க்ரூஸர்களை நான் வைத்திருந்ததில்லை, செயினுக்கு எண்ணெய் போடும் வேலை மிச்சம் என்பது மட்டும் நிச்சயம்.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் குறைந்த தூரம், நல்ல ரோடு, பின்னால் துணை என்றால் க்ரூஸரிலேயே இருங்கள். மாறினால் கிடைக்கும் லாபம் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. நாள் முழுக்க ஓட்டுகிறவர், முதுகைப் பற்றிக் கவலைப்படுகிறவர் என்றால் மாறுங்கள். டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது வழவழப்பான ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் திட்டிக்கொண்டே போகும் மோசமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், வழியில் எங்காவது இறங்கி வண்டியை இன்ஜின் இல்லாமல் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள்.