பழைய ஃபைபர் பரிசலுக்கு எந்த ரெசின்?

மேட்டூர், பவானிசாகர் பக்கம் பழைய ஃபைபர் பரிசலை ஒட்டிச் சரிசெய்ய நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: ரெசின், அதாவது பூசியதும் இறுகி ஒட்டும் பிசின், பாலியெஸ்டரா, எபாக்சியா?

விலை: பாலியெஸ்டர் மலிவு. எபாக்சி அதைப்போல் சில மடங்கு.

பிடிப்பு: விஷயமே இங்கேதான். பழைய ஃபைபர் இறுகி முடிந்த பொருள். அதன்மேல் புது ரெசின், தேய்த்த சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். அதில் எபாக்சியின் பிடி உடும்புப்பிடி. நான் சோம்பலில் அரைகுறையாகத் தேய்த்துப் போட்ட பாலியெஸ்டர் ஒட்டு, ஒரே மழைக்காலத்தில் ஓரம் தூக்கி, நகத்தால் நெம்பியதும் அப்பளமாகக் கையோடு வந்தது.

கலவை: பாலியெஸ்டருக்கு ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கக் கலப்பது) 1 முதல் 2 சதவீதம், வெயிலுக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். எபாக்சியில் டப்பாவில் போட்ட விகிதம்தான். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள், பிசுபிசுவென்றே கிடக்கும்.

மேல்பூச்சு: பாலியெஸ்டர்மேல் ஜெல்கோட் என்ற வழவழப்பான வெளிப்பூச்சை நேராகப் பூசலாம். எபாக்சிமேல் அது சரியாக ஒட்டாது. எபாக்சிக்கு வெயிலும் ஆகாது, அதனால் பெயிண்ட் கட்டாயம்.

மேல் விளிம்புக் கீறல், சின்ன வெடிப்பு என்றால் பாலியெஸ்டரே போதும். அடியில் ஓட்டை விழுந்திருந்தால் காசு பார்க்காமல் எபாக்சி வாங்குங்கள். எதுவானாலும், பரிசலைக் கவிழ்த்து நன்றாகக் காயவிட்ட அப்புறம்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.